123 முகங்களுக்கு ஒரு காதலி

"ஒரே ஒரு படம்மா. பாத்துட்டு அப்புறம் கொரியாவைத் திட்டு" என்று மகள் பிடித்து உட்கார வைத்தாள். நான் கொரியாவை எங்கே திட்டினேன்? பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடிய சீரியல் பார்க்கிற பிள்ளையைத்தான் திட்டினேன். சரி போகட்டும் என்று உட்கார்ந்தேன். படம் 'தி பியூட்டி இன்சைட்', 2015இல் வந்தது. முழுக் கதையையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

வூ-ஜின் பதினெட்டு வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தால் வேறு ஆள். அன்றையிலிருந்து தினமும் அதே கதை. தூங்கி எழுந்தால் உடம்பு மாறிவிடும். கிழவர், சின்னப் பையன், பெண், வெளிநாட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். ஏன் இப்படி என்று படம் விளக்குவதில்லை, நல்லவேளை. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அம்மா, அப்புறம் சாங்-பேக் என்கிற நண்பன். வெளியாட்களுக்கு முகம் காட்டாமல் பிழைக்க வேண்டுமே, அதனால் மரச்சாமான் செய்கிறான். வாங்குகிறவருக்கு ஏற்ற மாதிரி நாற்காலி, மேசை. சொந்த உடம்பு ஒரு நாள்கூடத் தங்காதவன், அடுத்தவர் உட்கார வாகாக நாற்காலி செய்கிறான். இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவனுடைய காலை நேரம். அலமாரியில் எல்லா அளவிலும் உடுப்பு, ஷூ, கண்ணாடி. எழுந்ததும் இன்றைக்குக் கால் எந்த அளவு, கண் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்து, அதற்கேற்றதை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். புலம்பல் இல்லை, பின்னணியில் வயலின் அழுகை இல்லை. நாம் எழுந்ததும் பால் பாக்கெட் எடுக்கிற மாதிரி. மாயக் கதையை நம்ப வைப்பது இந்த மாதிரி வீட்டு வேலைகள்தான். கிராஃபிக்ஸ் எல்லாம் அப்புறம்.

அவன் காதலிக்கிற பெண் ஈ-சூ, மரச்சாமான் கடையில் வேலை செய்கிறாள். ஹான் ஹியோ-ஜூ நடித்திருக்கிறார். தினமும் ஒரு முகத்தோடு கடைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறான். எந்த முகம் வந்தாலும் அவள் ஒரே மரியாதையோடு பேசுகிறாள். அது போதாதா அவனுக்கு?

என் சண்டை இங்கேதான் ஆரம்பம். 'உள்ளழகு' என்று பெயர் வைத்துவிட்டு, காதலைச் சொல்லப் போகிற நாளுக்கு அழகான முகம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறான் இந்தப் பையன். கிடைக்கிறது, நடிகர் பார்க் சியோ-ஜூன் முகம். அதை இழக்கக் கூடாது என்று மூன்று நாள் தூங்காமல் கிடந்து, கண் சொருகச் சொருக அவளோடு சுற்றுகிறான். கடைசியில் ரயிலில் அசந்து தூங்கி, நடுவயது வழுக்கைத் தலையோடு எழுகிறான். தியேட்டரில் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வழுக்கை வந்தால் காதல் கதை ஏன் நகைச்சுவைக் காட்சியாகிவிடுகிறது?

படம் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். முத்தம், படுக்கை, கண்ணீர் என்று கனமான காட்சி எது வந்தாலும் அன்றைக்கு அவனுக்குப் பெரும்பாலும் ஒரு கதாநாயகன் முகம். அழகில்லாத முகங்கள் சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். வூ-ஜினாக 123 பேர் நடித்ததாகப் படக்குழு கணக்குச் சொன்னது. அதில் எத்தனை பேருக்கு ஈ-சூவின் கையைப் பிடித்து நிற்க நேரம் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் தெரியும். நான் எண்ணவில்லை. எனக்கு மகள் இருந்தாள். "ஐயோம்மா, லீ ஜின்-வுக்!" என்று ஒரு முகத்துக்குச் சோபாவிலிருந்து எழுவாள். அடுத்த காலை சாதாரண முகம் வந்தால் போனைக் கையில் எடுப்பாள். உள்ளழகுப் படத்தைப் பார்க்கிற லட்சணம் இது. பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, படம்தானே அப்படிப் பழக்குகிறது.

பெண் உடம்பில் அவன் இருக்கிற நாட்களையும் படம் பயந்து பயந்துதான் தொடுகிறது. நடிகை சுன் வூ-ஹீ முகத்தில் வந்து ஈ-சூவிடம் உண்மையைச் சொல்கிற இடம் நன்றாக இருந்தது. ஜப்பானிய நடிகை உவேனோ ஜூரியும் ஒரு நாள் வூ-ஜினாக வருகிறார். அந்த நாட்களில் காதல் மட்டும் ஓரடி தள்ளி, தோழிகள் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது.

இதன் பூர்வீகம் தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும். மூலக்கதை கொரியாவுடையது இல்லை. 2012இல் கம்ப்யூட்டர் சிப் செய்கிற இன்டெலும் தோஷிபா கம்பெனியும் சேர்ந்து லேப்டாப் விற்பதற்காக இணையத்தில் வெளியிட்ட அமெரிக்கக் குறுந்தொடர் அது. அதில் பொதுமக்களே தங்கள் கேமராவில் பேசி அனுப்பி நாயகனின் முகமாக வந்தார்கள். கான் விளம்பர விழாவில் பெரிய பரிசெல்லாம் வாங்கியது. 'இன்டெல் இன்சைட்' என்று ஒட்டின பெட்டிக்குள்ளிருந்து பிறந்ததுதான் இந்த 'பியூட்டி இன்சைட்'. கொரியப் படத்தை எடுத்த பேக் ஜோங்-யோலும் விளம்பரத் துறைக்காரர்தான், இது அவருடைய முதல் முழுநீளப் படம். ஒவ்வொரு ஜன்னலிலும் வெயில் அளவாக விழுகிறது. ஒரு நாற்காலிகூட அழுக்காக இல்லை.

கொரியாவில் இந்தக் கதைக்கு வேறு எடையும் உண்டு. தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடும் மனநிலைக்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது, செய்தித்தாளில் சாதாரணமாகப் புழங்குகிற சொல். சியோலில் அப்குஜோங் பக்கம் போனால் 'முன்', 'பின்' படங்களோடு முக அறுவைச் சிகிச்சை விளம்பரங்களாக இருந்த காலம் உண்டு. வேலைக்கு விண்ணப்பம் போட்டால் போட்டோ ஒட்டுவது வழக்கம். அது 2017இல்தான் அரசு நிறுவனங்களின் விண்ணப்பத்திலிருந்து போனது. வேலைக்குத் தேவையில்லாமல் உயரம், எடை, தோற்றம் கேட்கக் கூடாது என்று 2019இல் சட்டமே திருத்தினார்கள். சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு முகம் முக்கியமாக இருக்கிற ஊரில், தினம் முகம் மாறுகிறவன் கதை வெறும் விளையாட்டு இல்லை.

ஆனாலும் இந்தப் படத்தை நான் விட்டுவிடாததற்குக் காரணம் வூ-ஜின் இல்லை. ஈ-சூ.

உண்மை தெரிந்த பிறகும் அவள் அவனைக் காதலிக்கிறாள். ஏற்றுக்கொண்டாள், சுபம் என்று முடிக்க வேண்டிய இடம். படம் அங்கே முடிக்காமல் போனதற்காக முன்னால் திட்டினதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். தினமும் காலையில் பக்கத்தில் ஒரு புது ஆள். தெருவில் காத்து நிற்கும்போது எதிரே வருகிற நூறு பேரில் எவர் தன்னுடையவர் என்று தெரியாது. அவன் வந்து கையைப் பிடிக்கிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவளாக ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தனோடு சுற்றுகிறாள் என்று வேலை செய்கிற இடத்தில் கிசுகிசு வேறு. தூக்கம் கெட்டு, மனநல மருத்துவரிடம் போய், மாத்திரையில் வந்து நிற்கிறது. முகம் மாறுவது அவனுக்கு. மாத்திரை சாப்பிடுவது இவள்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். முகத்துக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. கூட்டத்தில் நம்மாளைக் கண்டுபிடிப்பது. அழகில்லாத முகத்தோடு ஒரு ஆயுள் ஓட்டிவிடலாம், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம். அடையாளம் தெரியாத முகத்தோடு எப்படி ஓட்டுவது? ஈ-சூவுக்கு அழகு குறையவில்லை, பழக்கம்தான் கிடைக்கவில்லை. இந்த மூக்கு, இந்த நெற்றி மச்சம், கோபம் வந்தால் இந்த வலது புருவம் என்று பார்த்துப் பார்த்து ஒரு முகத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள அவளுக்கு வழியே இல்லை.

மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது இவர் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மீசையும் இல்லை. வாசலில் நின்ற ஆளைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவரும் என்னென்னவோ வேடிக்கை காட்டிப் பார்த்தார், கிட்டே வந்தாலே அலறல். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. இருட்டில் அவர் வழக்கம்போல "குட்டிமா" என்றார். என் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போய் அவர் மேல் ஏறிக்கொண்டாள். கரண்ட் வந்ததும் மறுபடி ஒரே அழுகை! இரண்டு நாள் இப்படித்தான் போனது. எல்லாம் அப்பாவின் தாடி முளைக்கிற வரைக்கும்.

வூ-ஜினுக்கு எந்த நாளும் தாடி முளைத்துப் பழைய முகம் திரும்பப் போவதில்லை. அவனுடைய அப்பாவுக்கும் இதே நிலைமை இருந்தது என்று அம்மா நடுவில் சொல்கிறாள். போகிற போக்கில் வருகிற செய்தி. கணவனும் இப்படி, மகனும் இப்படி என்று ஆன அந்த அம்மாவின் கதையை யாராவது தனியாக எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

ஈ-சூவின் நிலைமையைப் பார்த்துவிட்டு வூ-ஜின் பிரிந்து போகிறான். அவளிடம் கேட்காமல் அவனே எடுத்த முடிவு. இந்தத் தியாக வியாதி எந்த நாட்டு நாயகனையும் விட்டபாடில்லை. பிறகு அவன் போன செக் நாடு, அங்கே அவள் தேடிப் போவது, பாலத்தில் முத்தம், பார்த்த முகமெல்லாம் வரிசையாக வந்து போவது. அழகாக இருந்தது. விளம்பரக்காரர் எடுத்த பாலம், அழகுக்கு என்ன குறை.

ஆனால் அந்தப் பிரிகிற காட்சி. குளிர்காலத் தெரு, எதிரெதிரே இரண்டு பேர், அன்றைக்கு அவனுக்குக் கிம் ஜூ-ஹ்யுக் முகம். பளபளக்கிற இளைஞன் முகம் இல்லை, நாற்பதைத் தாண்டின, கொஞ்சம் களைத்த முகம். பெரிதாக அழுவதில்லை. சாதாரணமாகப் பேசிவிட்டுத் திரும்பி நடக்கிறார். பத்து வருஷம் பழகின ஆள் போகிற மாதிரி இருந்தது, அந்த முகம் வந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மகள் போனைத் தொடவில்லை.

"இவர் யாருடி?"

"கிம் ஜூ-ஹ்யுக். இப்ப இல்லம்மா. 2017ல கார் விபத்துல போயிட்டார். நாப்பத்தஞ்சு வயசு."

அந்தக் காட்சியை மட்டும் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தோம்.