தெருமுனையில் ஓர் இளவரசர்

போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில், எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் கட்டினார்கள். கட்சிக்காரர் ஒருவரின் மகனுக்குப் பிறந்தநாள். ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பையன். கோட்டு மாட்டி, பின்னால் சிம்மாசனம் ஒட்டி, "எங்கள் இளவரசரே!" என்று இரண்டடி உயர எழுத்து. பெயர் அடியில், வாழ்த்துகிறவர்களின் படங்களுக்கு நடுவே. கயிறு இழுத்த மடிப்பில் பாதி எழுத்து போய்விட்டது. நின்று படித்தும் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து அந்த 'இளவரசர்' பட்டம் மனசை உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

பட்டம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. நான் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். அந்த எழுத்துகளில் முதல் இரண்டும் பட்டங்கள்: ராஜா, சர். மனிதர் ராமசாமி முதலியார், சென்ட்ரல் எதிரே சத்திரம் கட்டினாரே, அவர்தான். பிரசவ வார்டு வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள், அந்தப் பெயர் தெரிந்தவர் அபூர்வம். ஸ்டான்லி பக்கத்து மணியக்காரர் சத்திரமும் அப்படித்தான். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். பொறுப்பில் இருந்தவரின் பதவி 'மோனிகர்' என்று ஆங்கிலத்தில் சிதைந்து நிலைத்தது, ஆளின் பெயர் ஊர் வாயில் நிற்கவில்லை.

பிட்டி தியாகராயருக்கும் 'சர்' உண்டு, கல்லூரிப் பெயரிலேயே இருக்கிறது. அது வெள்ளைக்கார அரசு கொடுத்தது. 'வெள்ளுடை வேந்தர்' என்பது நம் ஆட்கள் கொடுத்தது. 1920இல் நீதிக்கட்சி ஜெயித்தபோது முதலமைச்சர் பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றவர் அவர். அவரை வேந்தர் என்றால் எனக்கு உறுத்துவதில்லை. உடுத்தியதைப் பார்த்து அன்பில் வைத்த பெயர், அவரோடு முடிந்தது. இளவரசர் அப்படியில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே வாரிசு உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு அப்பா, நாளைக்கு இவன் என்று தெருவுக்கே சொல்லிவிடுகிறது.

பேனர் கட்டிய தம்பியிடமே கேட்டேன். "அண்ணே, நம்ம ஜனத்த வாடா போடான்னே கூப்ட்டாங்க. நாமளே ராஜான்னு சொல்லிக்கினா இன்னா தப்பு?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் ரெட்டைமலை சீனிவாசன், வெள்ளைக்கார அரசிடம் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வரிசையாகப் பட்டம் வாங்கினார். நம் மக்களைப் பொதுத் தெருவில் நடக்க விடாத காலம் அது. அவர் வாங்கியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இன்றைக்கு அவர் நினைவுநாள் போஸ்டரைப் பாருங்கள், 'தாத்தா ரெட்டைமலை சீனிவாசன்' என்றுதான் இருக்கும். மூன்று பட்டத்தையும் தள்ளி வைத்துவிட்டு நம் ஜனம் உறவுமுறையை எடுத்துக்கொண்டது. வாடா போடாவுக்குப் பதில் அதுதான், தம்பி.

அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர், சாயங்காலமானால் குத்துச்சண்டை. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று இங்கே சொல்வார்கள். 'பரம்பரை' ராஜாக்கள் வீட்டுச் சொல்தான். ஆனால் இங்கே அது வாத்தியார் வழியாக வருவது. மூட்டை தூக்குகிறவன் பிள்ளையும் அவரிடம் நின்று, அடி வாங்கிக் கற்றுக்கொண்டால் அந்தப் பரம்பரைதான்.

அரசு பட்டம் கொடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 18ஆவது பிரிவு சொல்கிறது. நிஜ மன்னர்களுக்கே 1971இல் மன்னர் என்ற அங்கீகாரம் போய்விட்டது. பத்ம விருதைக்கூடப் பெயரோடு ஒட்டக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் பிறகு நாம் ஒரு வார்டுக்கு இளவரசரைக் கொண்டுவந்து வைக்கிறோம்.

வீட்டில் கொஞ்சுங்கள், யார் வேண்டாம் என்றது? காமாட்சி என்று பெயரிட்ட பிள்ளையை ராஜா ராஜா என்று கொஞ்சித்தான் அவர் காமராஜ் ஆனார். எண்ணூர் துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர். என் ஆயாவும் "வா ராசா, துன்னு" என்றுதான் தட்டை நகர்த்துவாள்.

நேற்று அந்தப் பையன் பால் வாங்க வந்தான். சைக்கிள் செயின் கழன்றிருந்தது. இரண்டு பேரும் குனிந்து மாட்டினோம், கையெல்லாம் கிரீஸ். பெயர் கேட்டேன், சொன்னான். அழகான பெயர். அடுத்த வருஷம் பேனர் அடிக்கிறவர்களே, அந்தப் பெயரை இரண்டடியில் போடுங்கள், முன்னால் 'தம்பி' என்று சேர்த்து.