முதல்ல டயர், உயரம் கடைசி

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல இருந்து வேலூருக்குத் திரும்பும்போது நம்ம குரூப் தம்பியோட ஸ்விஃப்ட் டயர் வெடிச்சதை எல்லாரும் பார்த்தாச்சு. வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அது பெரிய நிம்மதி. ஆனா அந்த வீடியோவுக்குக் கீழே ரெண்டு நாளா ஓடுற பேச்சுதான் மனசைப் போட்டு அரிக்குது. "டயர் டூப்ளிகேட்", "ரோடு மோசம்", "வேலூர் வெயிலுக்கு எந்த டயரும் தாங்காது". வண்டி உயரத்தை எவ்வளவு இறக்கியிருந்தாங்க, டயர் என்ன சைஸ், காத்து எவ்வளவுன்னு ஒருத்தர் கேட்கல. நான் கேட்டேன். "அண்ணே, பயமா இருந்தா பஸ்ல போங்க"ன்னு பதில் வந்துச்சு. அதுக்குக் கீழே வரிசையா சிரிப்பு பொம்மை.

சரி. கமெண்ட்ல சொன்னதையே இங்க விவரமா சொல்றேன். முதல்ல டயர். அப்புறம் பிரேக், அலைன்மென்ட் (சக்கரங்க நிக்கற கோணத்தைச் சரி பண்றது). உயரத்தைக் குறைக்கிறது கடைசி. ஒரு டயர்ல தரையைத் தொடுறது கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு இடம். முடுக்கறது, நிறுத்தறது, திருப்பறது எல்லாமே அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் நடக்குது. அது முழுசா தரையில படியாத வண்டியை எவ்வளவு தாழ்த்தினாலும் டிராக்ல வேகம் வராது.

அந்த ஸ்விஃப்டையே எடுத்துக்குங்க. கம்பெனி சைஸ் 185/65 ஆர்15, அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச். குறுக்களவு 621 மி.மீ. வீடியோவுல அதுல மாட்டியிருந்தது 195/50 ஆர்15 மாதிரி தெரியுது. அதோட குறுக்களவு 576 தான். அதாவது ஸ்பிரிங்ல கையே வைக்காம, டயரை மாத்தினதுலயே வண்டி 22 மி.மீ. இறங்கிடுச்சு. இதை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. அதுக்கு மேல 40 மி.மீ. ஸ்பிரிங்ல இறக்கினா, 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி வயித்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) கிட்டத்தட்ட 100-க்கு வந்து நிக்கும். மீட்டர்ல 100 காட்டும்போது நிஜத்துல முன்னை விட 7 சதவீதம் குறைச்சலா ஓடும். இதெல்லாம் கூடப் பரவாயில்ல. டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண்ணை, லோடு இன்டெக்ஸைப் பாருங்க. பழைய டயர்ல 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். இந்த 195/50 ஆர்15 பொதுவா 82 தான், 475 கிலோ. ஒவ்வொரு டயர்லயும் 85 கிலோ தாங்குற பலத்தைக் கழட்டி வெச்சுட்டு, நாலு பேரை ஏத்திக்கிட்டு ஹைவேல வந்தா டயர் கம்பெனி என்ன பண்ணும்?

அகலமான டயர்தான் வேணும்னா 195/55 ஆர்16 போடுங்க, 6ஜே (6 இஞ்ச் அகல) ரிம்ல. குறுக்களவு பழைய டயர் அளவுக்கே வரும், 621. மீட்டர் மாறாது, ஆர்ச்சுல உரசாது. லோடு இன்டெக்ஸ் 87-க்குக் கீழே வாங்காதீங்க. 17 இஞ்ச் வேண்டாம். 205/45 ஆர்17-ல சைட்வால் (பக்கச் சுவர்) 92 மி.மீ. தான், பழைய டயர்ல 120. பாகாயம் பக்கம் ஒரு பள்ளத்துல விட்டாப் போதும், ரிம்மோட உதடு மடங்கிடும்.

"உள்ளூர் டயர் டிராக்குக்கு ஆகாது, இம்போர்ட்டட்தான் வேணும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்து அரக்கோணத்துலயே எம்ஆர்எஃப் டயர் செய்யறாங்க. தகரக் கொட்டாயில நாலு வருஷம் வெந்த வெளிநாட்டு டயரை விட, நல்ல ரகத்துல ஆறு மாசம் ஆன உள்ளூர் டயர் எவ்வளவோ மேல். வாங்கும்போது சைட்வால்ல டிஓடி எழுத்துக்கு அப்புறம் வர்ற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். டிரெட்வேர் (ரப்பர் தேயற வேகத்தைக் காட்டுற எண், குறைஞ்சா சீக்கிரம் தேயும்) 200 போட்ட மிருதுவான ரப்பர் டிராக்ல நல்லாப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் கரையும். ஐப்பசி மழையில அதோட ஆழமில்லாத பட்டன் (டயர் மேல வெட்டியிருக்கிற வரி) தண்ணியைத் தள்ளாது, வண்டி மிதக்கும். மாசத்துக்கு ஒரு நாள் டிராக், மீதி நாளெல்லாம் காட்பாடி மேம்பாலம்னா 300-ஐ ஒட்டி வாங்குங்க.

இனி, உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் வெட்டற விஷயம். சத்துவாச்சாரியில ஒரு ஷெட்டுல ஜாக்கி போட்டு நின்ன ஒரு வண்டியைப் பார்த்தேன். சக்கரம் தொங்குது, முன் ஸ்பிரிங்கைக் கையாலேயே சுத்த முடியுது. கிரைண்டர் வெட்டின முனை நீலம் பூத்து, கீழ் சீட்டுல உட்காராம ஒரு ஓரத்துல குத்திக்கிட்டு நிக்குது. டயரைக் கழட்டிப் பார்த்தா வெளிப்பக்கம் பட்டன் புதுசு மாதிரி இருக்கு, உள்பக்க ஓரத்துல கம்பி தெரியுது. நின்னு பார்க்கிறவனுக்குத் தெரியறது அந்த வெளிப்பக்கம் மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகுது? ஆறு சுத்துல ஒண்ணை வெட்டினா ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும், அவ்வளவுதான். ஆனா அமுங்கறதுக்கு இருந்த தூரத்துல 40 மி.மீ. போயிடுச்சு. அந்தக் கொஞ்ச விறைப்பு இதை ஈடுகட்டாது. பாதி வளைவுல பம்ப் ஸ்டாப்ல (சஸ்பென்ஷன் அமுங்கற கடைசி எல்லையில இருக்கிற ரப்பர்ல) முட்டும். முட்டின நொடியில அந்தப் பக்கச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது, மொத்த எடையும் அந்த ஒரு டயர் மேல இறங்கும். கேஸ் வெச்சு பழுக்கக் காய்ச்சி இறக்கறது இதைவிட மோசம். இரும்போட பதமே போயி, ரெண்டே மாசத்துல ஒரு பக்கம் சாஞ்சு உட்கார்ந்துடும்.

இன்னொண்ணு, இதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா சேர்ந்தது, ஸ்விஃப்ட்லயும் அதுதான்) இருக்கிற வண்டியை அளவுக்கு மேல இறக்கினா, அது வளைவுல முன்னை விட அதிகமா சாயப் பார்க்கும். சக்கரத்தைக் கீழே பிடிச்சிருக்கிற லோயர் ஆர்ம், சக்கரத்துப் பக்கம் மேல ஏறின வாட்டத்துக்குப் போயிடுது. எடை மையம் 4 செ.மீ. இறங்கினா, வண்டி எந்த அச்சைச் சுத்தி சாயுதோ அந்த அச்சு அதைவிட அதிகமா இறங்கிடுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் சாய்க்கிற நெம்புகோல். அந்த நெம்புகோலைத்தான் நீட்டி விட்டிருக்கோம். கூடவே ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராட் வாட்டமும் மாறிடும், ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா ஸ்டீயரிங் தானா இழுக்கும். டோ, அதாவது மேலேயிருந்து பார்த்தா சக்கரம் திரும்பியிருக்கிற கோணம், வெளிப்பக்கம் விரியும். அந்த உள்பக்கக் கம்பி தெரிஞ்சது அதனாலதான்.

"பந்தய வண்டியெல்லாம் தரையோட ஒட்டித்தானே போகுது"ன்னு கேட்கறாங்க. போகுதுதான். அதுல ஆர்ம் மாட்டற இடத்தையே மாத்தியிருப்பாங்க, தாழ்ந்த உயரத்துக்குன்னே ஷாக் செஞ்சு போட்டிருப்பாங்க. அந்த வண்டி டிரக்ல ஏறித்தான் டிராக்குக்கு வருது. நம்ம வண்டி வாலாஜா டோல் தாண்டி 100 கிலோமீட்டர் சொந்தக் கால்ல போயிட்டு, அதே கால்ல திரும்பி வரணும்.

ஸ்பீடு பிரேக்கரைக் குறை சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. சாலை அளவுகளை வகுக்கிற இந்திய சாலை காங்கிரஸ்ங்கற அமைப்போட அளவுப்படி மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஸ்விஃப்டோட முன், பின் சக்கரங்களுக்கு நடுவுல 2.45 மீட்டர். நாலு சக்கரமும் அந்த மேட்டு மேலயே நிக்கறதால, நடு வயித்துக்கு நாலரை செ.மீ. இடைவெளி இருந்தாலே தாண்டிடும். ஆனா நம்ம தெருக்கள்ல போட்டிருக்கிறது ஒரு மீட்டர் அகலத்துக் கூம்பு. அதோட முழு உயரமும் வயித்துல இடிக்கும். அது தப்புதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தப்பு நாளைக்கே சரியாகப் போறதில்ல. தெரிஞ்சும் 100 மி.மீ.க்கு இறக்கிட்டு ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) உடைஞ்சதுன்னு அழுதா என்ன பண்றது?

டிராக்குக்குப் போகணும்னா வரிசை இது. நல்ல டயர் போடுங்க. பிரேக் ஆயிலை மாத்தி டாட் 4 ஊத்துங்க. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், நாலாவது சுத்துல கொதிச்சு பெடல் தரையோட போயிடும். கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயற கோணம், மைனஸ்னா உள்ளே) போல்ட் போட்டு முன்னாடி மைனஸ் ஒன்றரை டிகிரி வரைக்கும் கொண்டு வந்து, டோவை ஜீரோவுல வைங்க. பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே குறுக்குக் கட்டை), அதுல திருகிச் சரிபண்ண ஒண்ணும் இல்ல, விட்டுடுங்க. டயர் சோல்டர்ல (மேல்பக்கம் பக்கச் சுவரோட சேர்ற ஓரத்துல) சாக்பீஸால ஒரு கோடு போட்டு நாலு சுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு சைட்வால் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து பத்தல, இல்ல கேம்பர் பத்தல. ஓரத்துல கோடு அப்படியே இருந்தா காத்து அதிகம். இதெல்லாம் முடிஞ்சும் வண்டி அலையுதுன்னா, அப்ப ஜோடி சேர்ந்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்கி 20, 25 மி.மீ. இறக்குங்க. போல்ட் எல்லாத்தையும் வண்டி தரையில நிக்கும்போது இறுக்குங்க, இல்லன்னா உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டு கிழியும். திரும்பவும் அலைன்மென்ட் பாருங்க. சட்டம்னு ஒண்ணும் இருக்கு. கம்பெனி அளவை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வெச்சு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல தேடறது அதைத்தான்.

இப்ப ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன். டிராக்ல டயர் சூடாகி காத்து ஏறும். எல்லாரும் பிட்டுல (டிராக் ஓரம் வண்டி நிறுத்தற இடத்துல) காத்தை இறக்கி 34 பிஎஸ்ஐக்குக் கொண்டு வருவாங்க, அது சரியான பழக்கம்தான். அந்த 34, டயர் 85 டிகிரி சூட்டுல இருக்கும்போது. சாப்பிட்டு, போட்டோ எடுத்து, டயர் ஆறி 35 டிகிரிக்கு வந்தா 27 தான் இருக்கும். திரும்பக் காத்து அடிக்காம, லோடு இன்டெக்ஸ் குறைஞ்ச டயர்ல, நாலு பேரோட, பம்ப் ஸ்டாப்ல முட்டிக்கிட்டு, ஹைவேல 100-ல வந்தா சைட்வால் ஒவ்வொரு உருளலுக்கும் மடங்கி மடங்கி உள்ளேயே வேகும். வெடிக்கறது கடைசி நொடியில. வேகறது முக்கால் மணி நேரமா நடக்குது. வெளியே ஒண்ணும் தெரியாது.

அன்னிக்கு நடந்தது இதுதான்னு நான் அடிச்சுச் சொல்லல. கேளுங்கன்னுதான் சொன்னேன். கேட்டதுக்கே பயந்தாங்கொள்ளிப் பட்டம். பட்டம் இருந்துட்டுப் போகட்டும். வீடியோவுல பின் சீட்டுல ஒரு ஸ்கூல் பையன் உட்கார்ந்திருந்தான், அதை எத்தனை பேர் கவனிச்சீங்க? அவனும் நாளைக்கு ஒரு வண்டி வாங்குவான். அவனுக்கு இந்த குரூப்ல என்ன கத்துக் குடுக்கப் போறோம்? ஏலகிரியோட 14 வளைவையும் டிராக்காக்கி, அதையும் ரீல்ஸ் போடுறதையா?

தம்பி, நீ இதைப் படிச்சா உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. கிழிஞ்ச டயரைத் தூக்கிப் போட்டுடாதே. உள்பக்கத்தை ஒரு போட்டோ, அந்த நாலு இலக்கத்தை ஒரு போட்டோ, மிச்ச மூணு டயர்லயும் இப்ப காத்து எவ்வளவு இருக்குன்னு கேஜ் வெச்சு ஒரு போட்டோ. மூணையும் இங்கேயே போடு.