"கூடாது" என்பதோடு நிறுத்தாதீர்கள்

கொரோனா பெருந்தொற்று முடியும்வரை பெரியவர்கள் பொழுதுபோக்கையெல்லாம் ஒத்திப்போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அக்கறையோடு சொல்வது புரிகிறது. ஆனால் மாதக்கணக்கில் யாரால் அப்படி இருக்க முடியும்? எதுவுமே கூடாது என்றால், ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கூடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் உள்ளரங்கில் ஒத்திகை பார்த்தது. வந்திருந்த 61 பேரில் 53 பேருக்குத் தொற்று. அதில் 20 பேருக்குப் பரிசோதனை செய்யாமல் அறிகுறிகளை வைத்துக் கணித்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். பாடும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையின் காற்றில் வெகுநேரம் மிதக்கும். திறந்தவெளியில் அவை சீக்கிரம் கலைந்துவிடும். ஜப்பான் அந்த ஆண்டே மூன்றைத் தவிர்க்கச் சொன்னது: காற்றோட்டமில்லாத இடம், நெரிசல், நெருங்கி நின்று பேசுவது.

சரி, அப்படியென்றால் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடை, சைக்கிள், தோட்டவேலை, வெளியில் இறகுப்பந்து, இடைவெளி விட்டு உட்கார்ந்து அரட்டை, எல்லாம் முடியும். விளையாட்டைவிட, முடிந்தபின் ஒரே காரில் நெருக்கியடித்துத் திரும்புவதுதான் எனக்குக் கவலை. அப்புறம், பூங்காக்களை மூடாதீர்கள். தனியாக வாழும் முதியவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மனித முகம் பார்க்கும் நேரம்.