சீக்கோ யாருடைய காப்பியும் இல்லை

சீக்கோ கைக்கடிகாரத்தைக் கிண்டலடிக்கும் அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள், போதும். சீக்கோ என்றால் சுவிஸ் வாட்ச் வாங்க வக்கில்லாதவன் கட்டுவதாம். ஜப்பான்காரன் அடித்த காப்பியாம். பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

காப்பியா? சீக்கோவைத் தொடங்கிய கின்டாரோ ஹட்டோரி டோக்கியோவில் கடிகாரக் கடை வைத்தது 1881இல், அப்போது அவருக்கு 21 வயது. 1892இல் சொந்தத் தொழிற்சாலை. 1913இல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான லாரல். 1923 நிலநடுக்கத்தில் அந்தத் தொழிற்சாலை எரிந்துபோனது. பழுது பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர்களின் கடிகாரங்கள் சுமார் 1,500, அதுவும் போச்சு. அந்த மனிதர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து உரியவர்களை அழைத்து, ஈடாகப் புதுக் கடிகாரம் கொடுத்தார். தன் தொழிற்சாலையே சாம்பலாகிக் கிடந்த நேரத்தில்! இதை யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்?

"நல்ல மனுஷன்தான், தொழில்நுட்பம் எங்கே?" என்று கேட்பீர்கள். சரி, வாருங்கள். சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் வானாய்வகத் துல்லியப் போட்டிக்கு 1964இல் முதன்முதலாகப் போன சீக்கோவுக்குக் கிடைத்த சிறந்த இடம் 144. நான்கே வருடத்தில், 1968 ஜெனீவா போட்டியில் 4 முதல் 10 வரை அத்தனை இடமும் சீக்கோவுக்கு. முதல் மூன்றும் குவார்ட்ஸ், அதாவது பேட்டரியில் படிகத்தின் அதிர்வை வைத்து ஓடுபவை. ஆக, ஸ்பிரிங்கில் ஓடியவற்றில் முதலிடம் இவர்களுக்குத்தான், அதுவும் சுவிஸ் மண்ணில். மறுவருடமே, 1969 டிசம்பர் 25 அன்று, அஸ்ட்ரான் வந்தது. உலகில் முதலில் விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுதான். மாதத்துக்கு 5 விநாடிதான் முன்பின் ஆகும். விலை 4,50,000 யென். அன்று ஒரு காரே வாங்கிவிடலாம். வக்கில்லாதவன் வாட்சா அது?

"சுவிஸ்காரர்களை மட்டம் தட்டுகிறாய்" என்று ஒருவர் வருவார். இல்லை ஐயா. அவர்கள் வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. "சீக்கோவின் டைவர் வாட்சில் (நீரில் மூழ்குபவர்கள் கட்டுவது) பெசல், அதாவது முகப்பைச் சுற்றியுள்ள வளையம், கோணலாக வருகிறதே, விலையும் ஏறிவிட்டதே?" உண்மைதான், அதில் எனக்கும் வருத்தம் உண்டு. அதற்காகக் காப்பி என்பீர்களா?

என் அப்பா சவுதியில் வெல்டராக இருந்தவர். முதல் விடுமுறையில் வரும்போது கையில் சீக்கோ ஃபைவ் கட்டியிருந்தார். கிழமை அரபியில் தெரியும். அதைக் காட்டச் சொல்லித் தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்போம். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம், கை அசைவிலேயே ஓடும். உள்ளே இருக்கும் எடைத்தட்டு எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறுகிற மேஜிக் லீவர், 1959இல் சீக்கோ கண்டுபிடித்தது. வெயிலில் கை வீசி உழைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாட்ச் எது? அதே வாட்சைத்தான் இன்று நான் கட்டியிருக்கிறேன். நாளுக்குச் சில விநாடி முன்னே ஓடும், அவ்வளவுதான்.

"ஒரு வாட்சுக்காக இவ்வளவு கோபமா?" என்று கேட்காதீர்கள். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த எத்தனையோ பேர், ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய முதல் நல்ல பொருள் இது. தம்பிக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கி வந்தார்கள். கடன் வாங்காமல், யாரையும் ஏமாற்றாமல் வாங்கினார்கள். வீடியோ எடுத்தவரே, அவர்களைப் பார்த்தா வக்கில்லாதவன் என்கிறீர்கள்? கட்டுகிறவன் ஏழையாகவே இருக்கட்டும், அதில் உங்களுக்கு என்ன சிரிப்பு? என் அப்பாவைப் போன்றவர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள். அந்த வரியை வெட்டிவிட்டு அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள்.