மாருதி பூ கொடுக்கவில்லை
'சம்ஸ்காரா'வை நாத்திக நாவல் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனந்தமூர்த்தி 1965இல் எழுதிய அந்தக் கன்னடக் கதையில், அக்கிரகாரத்துப் பண்டிதரான பிராணேசாச்சாரியாரின் பக்தி போலி அல்ல. ஆசாரத்தை மீறி வாழ்ந்து செத்த நாரணப்பாவின் பிணத்தை யார் எரிப்பது என்று தெரியாமல் ஏடு ஏடாகப் புரட்டுகிறார். அப்புறம் மாருதி கோயிலுக்குப் போய், சாமியே உத்தரவு சொல்லட்டும் என்று பூ வைத்து, வலப்பக்கப் பூ விழுமா, இடப்பக்கப் பூ விழுமா என்று பழியாய்க் காத்துக் கிடக்கிறார். எதுவும் விழவில்லை.

அக்கிரகாரத்து மற்றவர்கள் கதை வேறு. நாரணப்பாவோடு வாழ்ந்த சந்திரி தன் நகைகளைக் கழற்றி ஈமச் செலவுக்கென்று வைத்ததும், அதுவரை ஒதுங்கி நின்றவர்களுக்கு அந்தச் சடங்கின் மேல் திடீர்க் கரிசனம்! கடைசியில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் உதவியோடு ராத்திரியோடு ராத்திரியாகப் பிணத்தை எரிக்க வைத்தவள் அவள்தான். அது தெரியாமலே ஆச்சாரியார் தர்மத்தை யோசித்தபடி கால்போன போக்கில் நடக்கிறார். மனைவி இறந்த தீட்டோடு மேளிகே கோயில் பந்தியில் உட்கார்ந்து அவர் நடுங்கும் இடத்தைப் பாருங்கள். கடவுளைக் கைவிட்ட ஆள் அங்கே ஏன் அப்படிப் பயப்பட வேண்டும்? கட்டுரையில் அந்தப் பந்தி வரவே இல்லையே, ஐயா.