குளிருக்குத் தயாராகிறோம், ஆற்றுக்குத் தயாராவதில்லை

ஆறு உறையும் குளிர்நாடுகளில், பனிக்காலத்தில் ஆற்றோரப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் குல்லா, கையுறை, கம்பளிச் சட்டை எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆறு இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு. குளிரில் நடுங்கினால் திரும்பி வந்துவிடலாம். கரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை வைத்தால் அந்த வாய்ப்பு கிடைக்காது.

ஆற்றின் மேல் ஐஸ் உறைந்திருந்தால் அதில் ஏறவே கூடாது என்பது என் கட்சி. ஓட்டமில்லாத ஏரியில், தெளிவான ஐஸ் 10 செ.மீ. கனம் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காற்றுக்குமிழோடு வெள்ளையாக இருக்கும் ஐஸுக்கு ஏறக்குறைய அதில் பாதி பலம்தான். இந்தக் கணக்கை ஆற்றுக்குப் போட முடியாது. அடியில் ஓடும் தண்ணீர் ஐஸை அரித்துக்கொண்டே இருப்பதால், ஓரிடத்தில் ஒரு அடி கனம் இருக்கும், நாலு எட்டு தள்ளி விரல் கனம்தான் இருக்கும். வளைவின் வெளிப்பக்கம், பாலத்தூண்களைச் சுற்றி, சிற்றோடை வந்து சேரும் வாய், இங்கெல்லாம் மெலிந்தே இருக்கும். மேலே பனி கொட்டிக் கிடந்தால் இன்னும் மோசம். அது குளிரைக் கீழே இறங்க விடாது, ஐஸும் தடிக்காது, மெலிந்த இடமும் கண்ணுக்குத் தெரியாது.

அதைவிட ஏமாற்றுவது கரையோர ஐஸ். தண்ணீர் உயர்ந்திருந்த நேரத்தில் கரையை ஒட்டி ஐஸ் உறைகிறது. பிறகு நீர்மட்டம் இறங்குகிறது, ஐஸ் மட்டும் பலகை நீட்டியதுபோல் அந்தரத்தில் நிற்கிறது. அதன்மேல் பனி விழுந்துவிட்டால் நிலமும் அதுவும் ஒரே சமவெளியாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் கரைக்கு இணையாக மெல்லிய விரிசல் ஒன்று ஓடும். கோலால் தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வரும். படம் எடுக்கிறவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து இதன்மேல்தான் போய் நிற்கிறார்கள். வேரோடு நிற்கும் மரத்தையும் புதரையும் தாண்டி ஆற்றுப்பக்கம் போகாமலிருப்பது நல்ல எல்லை.

விழுந்துவிட்டால்? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு நினைவில் இருக்கட்டும். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தானாகவே மூச்சு இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிறகு வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முன்கைகளை ஐஸ்மேல் பரப்பி, காலை உதைத்து உடம்பைப் படுக்கைவசமாக்கி ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே கரைக்கு வாருங்கள். ஆற்றில் ஓட்டம் ஆளை ஐஸுக்கு அடியில் இழுத்துவிடலாம் என்பதால் இதெல்லாம் உத்தரவாதமில்லை. கரையில் நிற்கிறவர் இறங்கக் கூடாது. அவசர உதவிக்கு அழைத்துவிட்டு, கயிறோ நீண்ட கிளையோ நீட்டலாம். நாய் விழுந்தாலும் இதே சட்டம்தான். நாயின் பின்னாலேயே இறங்கி எஜமானர் மூழ்குவதும், நாய் தானே கரையேறி நிற்பதும் நடக்கிறது. ஆற்றோரத்தில் வாரை அவிழ்க்காமலிருப்பதுதான் சுலபமான வழி.

கடுங்குளிருக்குப் பிறகு திடீரென்று இதமான வெயில் அடித்தால் பூங்காவில் கூட்டம் அலைமோதும். ஆறு மிக நம்பத்தகாமல் இருப்பதும் அன்றைக்குத்தான். உடைந்த ஐஸ் பாளங்கள் வளைவிலோ பாலத்தடியிலோ சிக்கி அணைபோல் அடைத்துக்கொண்டால், பின்னால் தண்ணீர் வெகு வேகமாக ஏறும். தாழ்வான பாதை மூடியிருக்கிறது என்ற பலகை அன்றைக்கு அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

காலணி விஷயத்துக்கு வருவோம். மண்பாதையைவிட மரப்பலகை நடைபாதையும் சிறு பாலங்களும்தான் முதலில் உறையும், அடியிலும் காற்று ஓடுவதால். மதியம் உருகியது மாலையில் மறுபடி உறையும். போகும்போது ஈரமாக இருந்த சரிவு திரும்பும்போது கண்ணாடியாகிவிடும். ஷூவின்மேல் மாட்டும் ரப்பர் பட்டையில் சங்கிலியும் சிறு இரும்பு முட்களும் கொண்டது பையில் இருந்தால் கவலையில்லை. விரல் குளிருமே என்று இரண்டு ஜோடி காலுறையை இறுக்கமான ஷூவுக்குள் திணிக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால், காலையில் ஆற்றங்கரை ஊரைவிடக் குளிராக இருக்கும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல. உடம்போடு ஒட்டும் உடை பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் கால் மணியில் வியர்த்துவிடும். கூட வருபவருக்குப் பேச்சு குழறினாலோ, நடை தடுமாறினாலோ, ஜிப் போட வராமல் விரல் திணறினாலோ உடனே திரும்பிவிடுங்கள். நடுக்கம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டார் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. உடம்பு தோற்கத் தொடங்கிய அறிகுறி அது.

இவ்வளவு பயமுறுத்தலுக்குப் பிறகும் போகத்தான் சொல்வேன். இலை உதிர்ந்த மரத்தில் மரங்கொத்தி ஒளிய இடமில்லை. பாறைமேல் சலசலத்து ஓடும் இடம் எளிதில் உறையாது, வாத்துகள் அங்கேதான் கூடும். நீர்நாய் இருக்கும் ஆறாக இருந்தால், கரைப் பனியில் நாலைந்து கால்தடம், பிறகு வயிற்றால் வழுக்கிய நீண்ட பள்ளம், மறுபடி கால்தடம் என்று பார்க்கலாம். வாத்துக்கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுப்பது மட்டும் வேண்டாம். குளிரில் ஒவ்வொரு தடவை பறப்பதும் அவை சேமித்த கொழுப்பைக் கரைக்கும். தொலைநோக்கி எதற்கு இருக்கிறது?

போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் லித்தியம் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால் ஐஸ் அடிப்பக்கம் கட்டும், மூடி உறையாது. இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் மட்டும் முன்னே நடங்கள். வழுக்கும் பாதையில் திரும்ப மீதி இரண்டும் தேவைப்படலாம்.