பலூனுக்குள் தமிழ் எழுதியவர்கள்

நேற்று சேலம் ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழைய நண்பன் ஒருவன் கேட்டான்: "காமிக்ஸ் ஆசிரியர்னா என்னடா பெரிய வேலை? வெளிநாட்டுக்காரன் வரைஞ்சதை வாங்கி, தமிழ்ல போட்டு அச்சடிக்கிறதுதானே?" சட்னிக் காரமா அவன் பேச்சா தெரியவில்லை, காது சூடாகிவிட்டது. அங்கே சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே.

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன். வீட்டைச் சுற்றிலும் கொலுசுப் பட்டறைகள். எண்பதுகளின் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாமாவின் பட்டறையில் கொலுசுக்கு முத்து எண்ணிக் கொடுப்பது என் வேலை. வாரக் கடைசியில் கிடைக்கிற சில்லறை பழைய பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் லயன், முத்து, ராணி காமிக்ஸுக்குப் போய்விடும். இரும்புக்கை மாயாவியை ரொம்ப நாள் நம்ம பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தேன். இரும்பாலை இருக்கிற ஊர்க்காரன் வேறு எப்படி நினைப்பான்!

அப்படி நினைக்க வைத்ததுதான் அந்த ஆசிரியர்களின் வேலை. மாயாவி பிறந்தது 1962ல், இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில். 'ஸ்டீல் க்ளா' என்று பெயர். எழுத ஆரம்பித்தவர் கென் புல்மர், பிறகு பெரும்பகுதி டாம் டல்லி, படம் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தப் பெயரை அகராதி பார்த்து மாற்றினால் 'எஃகு நகம்' என்று வரும். யார் வாங்குவார்கள்? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற ஆளுக்கு, பாட்டி கதையிலிருந்து 'மாயாவி'யைப் பிடித்துவந்து ஒட்டினார்களே, அங்கேயே பாதி வெற்றி. 1972ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அதுதான். அங்கே ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். பிற்பாடு 'ரத்னபாலா' சிறுவர் இதழை நடத்தியவரும் அவரே. இன்று அவர் பெயரைச் சொன்னால் காமிக்ஸ் பைத்தியங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். அந்த இங்கிலாந்து வார இதழ்களில் கதை வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான் வரும், ஒவ்வொரு வாரமும் தொங்கலில் முடியும், அடுத்த வாரம் முன்கதையைத் திரும்பச் சொல்லி ஆரம்பிக்கும். அதையெல்லாம் ஒரே புத்தகமாக்கும்போது திரும்பச் சொன்னதை வெட்டி, ஒட்டு தெரியாமல் சேர்க்க வேண்டும். பெரிய பக்கத்துக்கு வரைந்த கட்டங்களைக் கத்தரித்துக் கையடக்கப் புத்தகத்துக்கு அடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலூனுக்குள், அதாவது பாத்திரம் பேசும் வசனக் குமிழுக்குள், தமிழை அடைக்க வேண்டும். நம் வினைச்சொல் ஒன்றே பாதி பலூனைத் தின்றுவிடும்! இதை மாதாமாதம் செய்து பார்க்கட்டும் என் நண்பன்.

விஜயனை எடுத்துக்கொள்ளுங்கள், சௌந்திரபாண்டியனின் மகன். 1984ல் லயன் காமிக்ஸைத் தொடங்கும்போது அவருக்கு வயது 17. அந்த வயதில் நான் இந்தத் தியேட்டரா அந்தத் தியேட்டரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் இதழ் சாகசக்காரி மாடஸ்டி பிளைசியின் கதை, ஆனால் எங்கள் தெருவில் சூடு பிடித்தது ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் இங்கிலாந்துக் காமிக்ஸின் குற்றவாளி நாயகன்) வந்த பிறகுதான். அந்த ஸ்பைடருக்கு நிறையக் கதை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். புத்தகத்தில் அப்போது அந்தப் பெயரெல்லாம் நான் பார்த்ததில்லை. மூல இதழ்களிலேயே எழுதியவர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை, இங்கிலாந்தின் '2000 ஏடி' காமிக்ஸ் இதழ் 1977ல் போட ஆரம்பித்தபோது அது பெரிய மாற்றம். கொலுசில் கடை முத்திரைதான் இருக்கும், பொடி வைத்து ஊதிய ஆசாரி பேர் இருக்காது என்பார் மாமா. அதே கதைதான்.

ஆனால் விஜயன் ஒளியவில்லை. 'ஹாட்லைன்' பக்கத்தில் வாசகனோடு மாதாமாதம் பேசினார், 'சிங்கத்தின் சிறுவயதில்' என்று தன் கதையையே தொடராக எழுதினார். எனக்கு அவர் மொழிநடையில் சண்டை உண்டு, சில இடங்களில் கௌபாய் வாயில் சினிமா வசனம் வந்து விழும். இருந்தாலும் 2012 ஜனவரியில் 100 ரூபாய்க்கு 'கம்பேக் ஸ்பெஷல்' என்று லயன் சிறப்பிதழ் போட்டு, வண்ணத்துக்கும் பெரிய அளவுக்கும் எங்களைப் பழக்கியது பெரிய துணிச்சல். ஏனென்றால் புதுசு கொடுத்தால் 'மாயாவி மறுபதிப்பு எப்போ சார்?' என்று கேட்கிற கூட்டம் நாங்கள். நானும் கேட்டிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

நண்பனை இந்தப் பதிவில் டேக் செய்திருக்கிறேன். நேற்று செட்டுக்குக் காசு கொடுத்தது நான், அடுத்த தடவை அவன் முறை. வரும்போது 1989ல் என்னிடம் இரவல் வாங்கிய ஸ்பைடர் புத்தகத்தையும் கையோடு எடுத்துவரட்டும்.